மூன்றாம் துளை, இரண்டாம் பெட்டி

ஏப்ரல் 4

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நாங்கள் மூவரும் சுகம். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை அங்கேயும் கல்லைத்தான் கடித்துக்கொண்டிருக்கிறாயா?

ஒருவழியாகக் குவார்ட்டர்ஸ் கிடைத்துவிட்டது. ஆறு வருஷமாக மனு எழுதி எழுதி, நீரேற்று நிலையத்தில் பம்புக்கு அடுத்தபடி அதிகம் இரைகிறவர் என்று உன் அத்தான் பெயர் வாங்கியதுதான் மிச்சம் என்று நினைத்திருந்தேன். மலைச்சரிவில் படி படியாக மூன்று வரிசை, வரிசைக்கு எட்டு வீடு. நமக்கு நடுவரிசையில் கடைசி வீடு. இரண்டு அறை, ஒரு சமையலறை, பின்னால் துணி காயப்போடும் அளவுக்கு முற்றம். முற்றத்தை ஒட்டி ஆள் உயரத்துக்கு மேல் ஒரு கல்சுவர். சுவரின் அடியில் பென்சில் பருமனுக்கு ஒரு ஊற்று எந்நேரமும் கசிகிறது. உன் மருமகள் வாலு பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அதில் காகிதக் கப்பல் விடுகிறாள்.

உன் போன கடிதத்தில் பாதியை யூகித்துத்தான் படித்தேன். இடது கையால் எழுதி, எழுதிய மை காய்வதற்குள் அதன் மேலேயே கையை இழுத்துக்கொண்டு போகிற பழக்கம் முப்பத்திரண்டு வயதிலும் போகவில்லை. நொட்டாங்கையா, ஒன்று பேனாவை மாற்று, இல்லை கையை மாற்று. போனில் பேசலாம் என்றால் நிலையத்தில் இருப்பது ஒரே போன். நான் ஒருத்தி பேசினால் பத்துப் பேர் கேட்கிறார்கள். அதனால் எழுது.

அந்த விரிவுரையாளர் வேலை என்னவாயிற்று? உங்கள் நிலவியல் துறைத் தலைவர் சொல்கிற "அடுத்த வருஷம்" எங்கள் கணக்கில் ஒரு வருஷமா, உங்கள் கல் கணக்கில் ஒரு யுகமா?

உன் அக்கா


ஏப்ரல் 16

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? அத்தானுக்கு என் வாழ்த்தைச் சொல். வாலுவுக்கு ஒரு கொட்டு.

வீட்டு விலாசத்தைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன். அந்தச் சரிவை எனக்குத் தெரியும்! ஒன்பது வருஷத்துக்கு முன்னால், நான் எம்.எஸ்ஸி. மாணவனாக இருந்தபோது, அங்கே வீடு கட்டலாமா என்று பார்த்துச் சொல்லும் வேலை எங்கள் துறைக்கு வந்தது. மூன்று இடத்தில் துளை போட்டோம். உங்கள் மூன்று வரிசையும் நிற்பது மூன்றாம் துளை போட்ட இடம். துளைக்கருவி குடைந்து எடுக்கிற கல்லும் மண்ணும் தண்டு தண்டாக வரும். அதை மரப்பெட்டியில் ஐந்து வரிசையாக, புத்தகத்தில் எழுத்து ஓடுவது போல இடது மேல் மூலையில் தொடங்கி அடுக்க வேண்டும். மேலே இருந்தது முதல் வரி, ஆழத்தில் இருந்தது கடைசி வரி. ஒரு பெட்டிக்கு ஐந்து மீட்டர். மூன்றாம் துளைக்குப் பெட்டி அடுக்கியவன் உன் தம்பிதான். தூறலில் நனைந்துகொண்டே அடுக்கினேன்.

பயப்படாதே, நல்ல இடம். ஆறு மீட்டர் ஆழத்தில் வழுக்குகிற களிமண் ஒரு சாண் கனத்துக்கு இருந்தது. மேல் மண் அதன்மேல் சறுக்கிவிடாமல் எட்டு மீட்டருக்குக் கான்கிரீட் தூண்களை இறக்கியிருக்கிறார்கள். மேல் பலகையையும் கீழ்ப் பலகையையும் சேர்த்து ஆணி அடித்த மாதிரி.

என் கதை வழக்கம்போல. பதினொரு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிற ஆராய்ச்சி உதவியாளர் வேலை. என்னோடு படித்தவர்களில் ஒருவன் சுரங்கத்துக்குப் போய்விட்டான், ஒருவன் வங்கிக்கு. இன்னொருவன் தரைக்குப் பதிக்கும் கல் விற்கிறான்; "நானும் நம்ம துறையிலதாண்டா இருக்கேன்" என்கிறான். இந்த முறை ஒரு இடம் நிச்சயம் காலியாகிறது. ஆகஸ்டில் நேர்முகம். தலைவர் ஓய்வு பெறுவதற்குள் என்னை உள்ளே தள்ளிவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் பாறை. எந்தக் கோப்பும் அவர் மேசையிலிருந்து நகராது.

இப்போதைக்கு அவர் கொடுத்திருக்கும் வேலை, அடித்தளக் கிடங்கைக் காலி செய்வது. புது ஆய்வகம் வருகிறதாம். முப்பது வருஷத்துப் பெட்டிகள். ஒவ்வொன்றாகத் திறந்து, பார்த்து, எதை வைப்பது எதைக் கொட்டுவது என்று எழுத வேண்டும். தும்மலோடு தும்மலாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

உன் தம்பி


மே 9

அன்புள்ள தம்பிக்கு,

சுகம். முழங்கால் என்னைக் கேட்காமலே சரிவுப் படி ஏறுகிறது, அவ்வளவு தேவலை.

நீ அடுக்கிய மண்ணின் மேல் நான் குடும்பம் நடத்துகிறேன் என்பதை நினைத்தால் எனக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்து வீட்டு டீச்சரம்மாவிடம் சொன்னேன். "அப்ப உங்க தம்பி போட்ட அஸ்திவாரத்துலதான் நாங்க தூங்குறோமா?" என்று சிரித்தார்கள். கீழ்வரிசையில் ஒரு மெக்கானிக் குடும்பம். அவர் மனைவிக்குப் புது இடம் என்றாலே பயம். இரண்டு கைக்குழந்தைகள் வேறு. அவளிடமும் சொன்னேன், முகம் தெளிந்தது.

அடுத்த வாரமே பதில் போடு. நீ பதில் போடாமல் இருப்பது கிணற்றில் கல் போட்ட மாதிரி இருக்கிறது.

உன் அக்கா


ஜூன் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீங்கள் எல்லோரும் நலம்தானே?

பதில் தாமதமாகிவிட்டது. கிடங்கு வேலை. மன்னித்துக்கொள்.

சும்மா கேட்கிறேன், ஒரு ஆராய்ச்சிக்காக. வீட்டில் கதவுகள் சரியாக மூடுகின்றனவா? ஏதாவது இடிக்கிறதா? சுவரில், குறிப்பாக ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக, கீறல் உண்டா? பின்னால் இருக்கும் கல்சுவர் நேராக நிற்கிறதா, வயிறு தள்ளியிருக்கிறதா? அந்த ஊற்றுத் தண்ணீர் தெளிவா, கலங்கலா? பார்த்து எழுது. இடிக்கிற கதவு திடீரென்று தானாகத் தளர்ந்தாலோ, மழைக்காலத்தில் ஊற்று நின்றாலோ, அன்றைக்கே எழுது.

கிடங்கில் ஒரு வேடிக்கை. ஒரு பழைய பெட்டியை யாரோ ஒரு பையன் தலைகீழாக அடுக்கியிருக்கிறான். பூமிக்குள் போகப் போகத் துருக்கறை குறைய வேண்டும். இந்தப் பெட்டியில் கீழ்வரிசைக்குப் போகப் போகக் கூடுகிறது. பெட்டியின் எதிர்ப்பக்கம் நின்று அடுக்கியிருப்பான். அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் அவனுக்கு எல்லாம் சரியாகத்தான் தெரிந்திருக்கும். ஒன்பதில் இருப்பது ஆறாகிவிடும், ஆறு ஒன்பதாகிவிடும். அவ்வளவுதான்.

வேறொன்றுமில்லை. வாலுவை அந்தச் சுவர் ஓரமாக விளையாட விடாதே, பூச்சி இருக்கும்.

உன் தம்பி


ஜூன் 14

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் சுகம். உன் கேள்வித்தாள் வந்தது. பரீட்சை எழுதி எவ்வளவு நாளாயிற்று! இதோ விடைகள்.

பின்கதவு இடிக்கிறது. முதல் மழைக்குப் பிறகு ஆரம்பித்தது. தச்சர் வந்து இரண்டு முறை சீவினார். "மரம் தண்ணி குடிச்சிருக்கும்மா" என்றார். சீவிய பிறகும் இடிக்கிறது, தோளால் ஒரு முட்டு முட்டினால்தான் திறக்கிறது. சமையலறை ஜன்னல் மூலையில் தலைமுடி அளவுக்கு ஒரு கீறல், நீ சொன்ன மாதிரியே சாய்வாக. புது வீடு, சுண்ணாம்பு காய்கிறது என்று நினைத்தேன். சுவருக்கு வயிறு கொஞ்சம் தள்ளியிருக்கிறது. உன் அத்தானுக்கும்தான் தள்ளியிருக்கிறது, அவர் நிற்கவில்லையா? ஊற்று தெளிவு.

இப்போது ஒரு நல்ல செய்தி. உன் அத்தான் நிலையத்துக் கோப்பறையிலிருந்து உங்கள் துறையின் அறிக்கையைக் கொண்டுவந்து காட்டினார். கடைசியில் ஒரு தாள், துளை மூன்று, பெட்டி இரண்டு என்று தலைப்பு. கையால் எழுதிய எண்கள். ஒவ்வொரு எண்ணின் மேலேயும் மை இழுபட்டு, ஈரத் துணியால் துடைத்த மாதிரி. பார்த்த உடனே "இது என் தம்பி கை!" என்று கத்திவிட்டேன். அந்த இழுகலை உலகத்தில் வேறு யாரால் போட முடியும்? டீச்சரம்மா, மெக்கானிக் மனைவி எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். கையெழுத்துப் போட்டது உங்கள் பாறையாக இருக்கலாம், எழுதியது நம்ம வீட்டுப் பிள்ளை. எனக்குப் பெருமையில் கண் கலங்கிவிட்டது, சொன்னால் நீ சிரிப்பாய்.

அப்புறம், பெட்டியைத் தலைகீழாக அடுக்கினானே அந்தப் பையன், அவனைக் கண்டுபிடித்தால் என் சார்பில் காதைத் திருகு. ஆனால் ரொம்பத் திட்டாதே பாவம். உனக்கும் சின்ன வயதில் செருப்பு வலது இடது மாறித்தான் போகும்.

உன் அக்கா


ஜூன் 27

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்.

ஜன்னல் கீறலுக்குக் குறுக்கே மெல்லிய காகிதத் துண்டு ஒன்றைப் பசை தடவி ஒட்டு. மேலே தேதி எழுது. கிழிந்தால் சொல்.

ஒரு யோசனை. நீயும் வாலுவும் இங்கே வந்து மூன்று மாதம் என்னோடு இருந்தால் என்ன? எனக்கு வயிறு சரியில்லை. நேர்முகத்துக்குப் படிக்கவும் வேண்டும், சமைக்கவும் வேண்டும். அத்தான் நிலையத்திலேயே தங்கிக்கொள்ளலாம். மழை முடிந்ததும் திரும்பிவிடலாம். வா அக்கா.

உன் தம்பி


ஜூலை 20

அன்புள்ள தம்பிக்கு,

சுகம். உன் வயிறு எப்படி? வீட்டு வேலைக்கு ஒரு அம்மாவை வைத்துக்கொள், கஞ்சத்தனம் பண்ணாதே. இந்த வருஷம்தான் வாலு ஒன்றாம் வகுப்பு. பாதியில் எப்படி அழைத்துக்கொண்டு வருவது?

காகிதம் எட்டாம் நாளே கிழிந்துவிட்டது. இரண்டாவது ஒட்டினேன், அதுவும். இப்போது ஒட்டியிருப்பது மூன்றாவது. கீறலில் என் சுண்டு விரல் நகம் நுழைகிறது. வாலு அதற்கு "வீட்டு வாய்" என்று பெயர் வைத்திருக்கிறாள்.

மெக்கானிக் வீட்டிலும் கீறல் விட்டிருக்கிறது. அவள் குழந்தைகளோடு மாமனார் வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். நான்தான் வழி மறித்து, "என் தம்பி பாத்த மண்ணு இது, அவன் அக்காவையே இங்க குடி வச்சிருக்கான். தப்பா இருந்தா சும்மா இருப்பானா?" என்று கேட்டேன். பெட்டியைப் பிரித்துவிட்டாள். டீச்சரம்மாவும் வேறு வீடு பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள்.

சரியாகத்தானே சொன்னேன்? பூசி மெழுகாமல் எனக்கு ஒரு வரி எழுது. நீ சின்ன வயதில் கண்ணாடியை உடைத்துவிட்டு "இன்னிக்கு வெயில் அதிகம்ல?" என்று கேட்டவன். உன் ஜூன் மாதக் கடிதங்கள் இரண்டிலும் அந்த வெயில் அடிக்கிறது.

உன் அக்கா


ஆகஸ்ட் 24

தம்பி,

ஐந்து வாரமாகப் பதில் இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே? நேர்முகம் முடிந்ததா? ஒரு வரி போதும்.

ஐந்தாவது காகிதம்.

அக்கா


செப்டம்பர் 8

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். வேலை கிடைத்துவிட்டது. இந்த மாதம் ஒன்றாம் தேதியிலிருந்து நான் விரிவுரையாளர். நிரந்தரம். மூன்றாவது மாடியில் தனி அறை, கதவில் பெயர்ப்பலகை. பாறை என் தோளைத் தட்டி, "இனி ஓய்வு பெறும் வரை உன்னை யாரும் அசைக்க முடியாது" என்றார்.

அத்தானை வேறு வீட்டுக்கு மாற்றல் கேட்கச் சொல்ல முடியுமா? மேடான இடத்தில், சமதரையில். காரணம் கேட்டால் உன் முழங்காலைச் சொல்லலாம். விடுமுறையில் வந்து நேரில் பேசுகிறேன்.

வாலுவுக்கு வண்ணப் பென்சில் அனுப்பியிருக்கிறேன்.

உன் தம்பி


அக்டோபர் 11

அக்கா,

நலம் விசாரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. இந்தக் கடிதம் கிடைத்த நிமிஷம் வாலுவைத் தூக்கிக்கொண்டு வீட்டை விட்டு வெளியே போ. மீதியை வெளியே நின்று படி.

தலைகீழாக இருந்த பெட்டி மூன்றாம் துளையின் இரண்டாம் பெட்டி. அடுக்கிய பையன் நான். அன்றைக்குத் தூறல். தார்ப்பாய்க்கு அடியில் நனையாத இடம் பெட்டியின் எதிர்ப்பக்கம்தான் இருந்தது. இடது கைக்கும் அது வாகாக இருந்தது. அங்கே நின்றபடியே அடுக்கினேன், எண்ணையும் எழுதினேன். களிமண் ஆறு மீட்டரில் இல்லை அக்கா, ஒன்பதில் இருக்கிறது. தூண்கள் எட்டோடு நிற்கின்றன. மேல் பலகையில் மட்டும் அடித்த ஆணி. சரிவு நகர்ந்தால் தூணும் வீடும் நீங்களும் சேர்ந்தே நகர்வீர்கள்.

மே மாதக் கடைசியிலேயே பார்த்துவிட்டேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு பாறையிடம் ஓடினேன். அவர் நிதானமாகக் கண்ணாடி போட்டுப் பார்த்தார். "யார் எழுத்து இது?" என்று மட்டும் கேட்டார். நான் இடது கையைப் பைக்குள் விட்டுக்கொண்டேன். "ஒன்பது வருஷம் நின்ன மலை இன்னும் ஒரு மழைக்கு நிக்காதா? ஆகஸ்ட் முடியட்டும். அப்புறம் நானே எழுதறேன்" என்றார். அவர் என்னை மிரட்டவில்லை. நான் தலையாட்டினேன். அவர்மேல் பழி போட எனக்கு வழியில்லை.

உன் கேள்விக்குப் பதில் போடாமல் இருந்தேனே, அத்தனை வாரமும் உன் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் நேர்முகத்துக்குப் படித்தேன். அவர்கள் கேட்ட முதல் கேள்வி சரிவுகளைப் பற்றி. நன்றாகப் பதில் சொன்னேன். பதவி கிடைத்த பிறகும் வாய் வரவில்லை. பாறையும் எழுதவில்லை. நேற்று மாணவர்களுக்குப் பெட்டி அடுக்குவது எப்படி என்று பாடம். கரும்பலகையில் பெட்டியை வரைந்து எண்களை எழுதினேன். எழுதியதன் மேலேயே கை இழுத்துக்கொண்டு போயிற்று. திரும்பிப் பார்த்தால் பலகையில் அத்தான் கொண்டுவந்த கோப்பில் இருக்கிற அதே தாள். அதற்குமேல் என்னால் வகுப்பில் நிற்க முடியவில்லை.

இன்று காலை முதல் நிலையத்துக்குப் போன் செய்கிறேன். மழையில் லைன் அறுந்திருக்கிறதாம். உங்கள் தலைமை அலுவலகத்துக்கு எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். நகல் பாறையின் மேசையில் இருக்கிறது. வேலை போகும், போகட்டும். நாளைக் காலை முதல் பஸ்ஸில் கிளம்புகிறேன். பாதி வழிக்குமேல் பாதை இல்லை என்கிறார்கள், நடந்து வருகிறேன். இன்றே போகும் தபால் என்னை முந்தட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கதவு தளர்ந்தால், ஊற்று நின்றால் எழுது என்று சொன்னேன். ஓடு என்று சொல்லியிருக்க வேண்டும். அதைத்தான் சொல்ல வாய் வரவில்லை. மெக்கானிக் வீட்டையும் டீச்சரம்மாவையும் எழுப்பி வெளியே அனுப்பு. என் பெயரைச் சொல்லி உட்கார வைத்தாய், என் பெயரைச் சொல்லியே கிளப்பு.

தம்பி


அக்டோபர் 13

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் மூவரும் சுகம். விரிவுரையாளர் ஐயா எப்படி இருக்கிறார்? வண்ணப் பென்சில் வந்தது. வாலு முதலில் வரைந்தது உன்னைத்தான், இடது கையில் ஒரு சுத்தியலோடு. உனக்கு வேலை கிடைத்த சந்தோஷத்தில் மூன்று வரிசைக்கும் இனிப்புக் கொடுத்தேன். பதில் எழுதத்தான் தாமதமாகிவிட்டது, இங்கே ஒரே மழை. போனும் இல்லை, தபால்காரரும் வரவில்லை.

மூன்று நாளாக அடித்த மழை இன்று காலையில் விட்டது. எழுந்து போய்ப் பின்கதவில் வழக்கம்போல் தோளைக் கொடுத்தேன், முற்றத்தில் போய் விழப் பார்த்தேன்! தச்சரால் முடியாததை மழையே செய்துவிட்டது. கதவு விரல் பட்டதும் திறக்கிறது. ஊற்றும் நின்றுவிட்டது. இவ்வளவு மழைக்குப் பிறகு ஒரு சொட்டு இல்லை, ஊற்றின் வாய் காய்ந்து கிடக்கிறது. வாலுதான் கப்பல் விட முடியவில்லை என்று அழுதாள்.

இரண்டும் நடந்தால் அன்றைக்கே எழுது என்று நீ சொல்லியிருந்தாய். நீ சொன்னதை நான் எப்போது கேட்கவில்லை? அடுப்பில் வைத்ததை இறக்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். பம்பு ஆபரேட்டர் ஒருவர் கீழே நடந்து போகிறார், அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். உன் ஆராய்ச்சிக்கு உதவினால் என் பெயரையும் அதில் போடு.

மூன்று நாளும் பெருமழை என்றதும் மெக்கானிக் மனைவி மறுபடி பயந்து, குழந்தைகளோடு நம் வீட்டுக்கு வந்துவிட்டாள். டீச்சரம்மாவும் இங்கேதான். இன்று கதவைத் திறந்து மூடிக் காட்டினேன். "பாத்தீங்களா, மண்ணு உக்காந்துடுச்சு. என் தம்பி சொன்னா சொன்னதுதான்" என்றேன். எல்லோரும் மூன்று நாள் அலுப்பில் பாய் விரித்துப் படுத்திருக்கிறார்கள். உன் அத்தான்கூட இன்று வேலைக்குப் போகவில்லை.

விடுமுறையில் வருகிறேன் என்று எழுதியிருந்தாய். எப்போது வந்தாலும் தட்ட வேண்டியதில்லை. தாழ்ப்பாள் இப்போது அதன் துளையில் பொருந்தவில்லை, அதனால் கதவைத் திறந்தே போட்டிருக்கிறேன்.

உன் அக்கா